கப்பல்கள் வளர்ந்தன, பாலம் அப்படியே நின்றது

2024 மார்ச் 26, பின்னிரவு ஒன்றரை மணி நெருங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் இருந்து ‘டாலி’ என்ற கண்டெய்னர் கப்பல் கிளம்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. போய்ச் சேர வேண்டிய ஊர் கொழும்பு. கப்பலில் 4,600க்கும் மேற்பட்ட கண்டெய்னர்கள். மாலுமிகளில் 20 பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கையர். செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்களின் தாக்குதல் நடந்துகொண்டிருந்ததால் சூயஸ் பக்கம் போகாமல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போவதாக ஏற்பாடு. நான்கு வாரப் பயணம்.

துறைமுகத்தின் வாசலில் நின்ற பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தை நெருங்கும்போது கப்பலில் மின்சாரம் போனது. திரும்ப வந்தது, மறுபடியும் போனது. நங்கூரம் போட்டார்கள். கப்பலுக்கு வழிகாட்ட ஏறியிருந்த துறைமுக பைலட்டுகள் எச்சரிக்கை கொடுத்தார்கள். அந்தச் சில விநாடிகளில் காவலர்கள் பாலத்தின் இரு முனைகளிலும் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். பல உயிர்கள் தப்பியது அதனால்தான். ஆனால் பாலத்தின் நடுவில் சாலைக் குழிகளை அடைத்துக்கொண்டிருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேர நேரம் வாய்க்கவில்லை. ஆறு பேர் இறந்தார்கள். மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர் நாடுகளில் இருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். சரக்குப் போக்குவரத்தைப் பற்றி எழுதும்போது டன்னும் டாலரும் எளிதில் முன்னால் வந்து நின்றுவிடும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ராத்திரியில் செத்தவர்கள் ஆறு பேரும் சாலை போடும் தொழிலாளிகள்.

கப்பல் ஒரே ஒரு தூணில்தான் மோதியது. ஆனால் பாலத்தின் முக்கியப் பகுதி முழுவதும் சில விநாடிகளில் தண்ணீருக்குள் போனது. பார்த்தவர்கள் பலர் ‘அவ்வளவு பலவீனமான பாலமா?’ என்று கேட்டார்கள். அப்படிச் சொல்ல முடியாது. அது எஃகுச் சட்டங்களை முக்கோணம் முக்கோணமாகப் பின்னிக் கட்டிய டிரஸ் பாலம். நடுக் கண், அதாவது நடுவில் உள்ள இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் 1,200 அடி. நடுக் கண்ணும் அதன் இருபுறக் கண்களும் சேர்ந்து ஒரே தொடர்ச்சியான சட்டமாக இருந்தன. அப்படிக் கட்டினால் எஃகு குறைவாகச் செலவாகும், பாலமும் விறைப்பாக நிற்கும். அதற்கு ஈடாக ஒரு நிபந்தனை உண்டு: தாங்கும் தூண்கள் எல்லாம் இருந்தாக வேண்டும். ஒன்று போனால் சுமை வேறு எங்கும் போய் உட்கார முடியாது. இந்த அளவுள்ள பாலங்களில் தூணை இழந்த பிறகும் நிற்கக்கூடியது அபூர்வம். அதனால் பாலம் ஏன் விழுந்தது என்பதைவிட, அவ்வளவு பெரிய கப்பல் தூணைத் தொடும்படி ஏன் விடப்பட்டது என்றுதான் கேட்க வேண்டும்.

கீ பாலம் திறக்கப்பட்டது 1977 மார்ச்சில். மூன்றே ஆண்டுகளில், 1980 ஆகஸ்டில், ‘புளூ நகோயா’ என்ற கண்டெய்னர் கப்பல் இதேபோலக் கட்டுப்பாட்டை இழந்து இதே பாலத்தின் தூண் ஒன்றில் மோதியிருக்கிறது. பாலத்துக்குச் சிறு சேதம், அவ்வளவுதான். அந்தக் கப்பலின் நீளம் 390 அடி. டாலியின் நீளம் 984 அடி. எடையைக் கணக்கில் எடுத்தால் சுமார் பத்து மடங்கு. பாலத்தைக் கட்டியவர்கள் அலட்சியக்காரர்கள் இல்லை. அவர்கள் காலத்துக் கப்பலை மனத்தில் வைத்துத்தான் கட்டினார்கள், அந்தக் கப்பல் மோதியபோது பாலம் தாங்கவும் செய்தது.

அப்புறம் கப்பல் வளர்ந்தது. ஒரு கண்டெய்னரை ஒரு கடல் தாண்டி அனுப்பும் செலவைக் குறைக்க எளிய வழி, ஒரே கப்பலில் இன்னும் நிறைய ஏற்றுவது. 2016இல் பனாமா கால்வாயில் கப்பல்களை ஏற்றி இறக்கும் புதிய, அகலமான நீரடைப்புகள் திறந்ததும் ஆசியாவில் இருந்து அமெரிக்கக் கிழக்குக் கரைக்குப் பெரிய கப்பல்கள் நேராக வர முடிந்தது. அதற்காகத் துறைமுகங்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டன. பால்டிமோர் 50 அடி ஆழ வாய்க்கால் வைத்திருந்தது, அதற்கேற்ற ஆழத்தில் படகுத்துறை கட்டியது, பிரம்மாண்டமான கிரேன்களை வாங்கியது. சரக்கு வந்தது. 2023இல் 5.23 கோடி டன் வெளிநாட்டுச் சரக்கு, சுமார் 8,080 கோடி டாலர் மதிப்பு. அந்தத் துறைமுகத்தின் சாதனை அளவு அது.

கிரேனை மாற்றினார்கள், ஆழத்தை மாற்றினார்கள், கப்பலும் மாறியது. அத்தனை கப்பல்களும் கடந்து போக வேண்டிய வாசலில் நின்ற தூண்கள் மட்டும் மாறவில்லை. தூண்களுக்கு முன்னால் மோதல் தாங்கிகள் இருந்தன. ‘டால்பின்’ என்று பொறியாளர்கள் சொல்லும் கான்கிரீட் திட்டுகள். எண்ணிக்கையிலும் அளவிலும் அவை மிகக் குறைவு. டாலி அவற்றுக்குப் பக்கவாட்டில் வந்து தூணைத் தொட்டது.

இதில் என்னை மிகவும் வருத்துவது, இதற்கான பாடம் அந்த நாட்டில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது என்பதுதான். 1980 மே மாதம் ஃபுளோரிடாவின் டாம்பா விரிகுடாவில் சன்ஷைன் ஸ்கைவே பாலத்தில் ஒரு சரக்குக் கப்பல் மோதி 35 பேர் இறந்தார்கள். அதன் பிறகு கட்டிய புதுப் பாலத்தைச் சுற்றிப் பெரிய மோதல் தாங்கிகள் வைத்தார்கள். 1991இல் அமெரிக்க நெடுஞ்சாலை அதிகாரிகளின் அமைப்பு ஒரு கணக்கு முறையை வெளியிட்டது. எத்தனை கப்பல்கள் போகின்றன, எவ்வளவு பெரியவை, என்ன வேகம், தூண் எவ்வளவு தாங்கும் என்பதையெல்லாம் சேர்த்து, ஓர் ஆண்டில் கப்பல் மோதிப் பாலம் விழும் வாய்ப்பைக் கணிக்கும் முறை. முக்கியமான பாலங்களுக்கு அது பத்தாயிரத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது. புதுப் பாலங்களுக்கு இது கட்டாயமானது. பழைய பாலங்களுக்கு வெறும் பரிந்துரையாக நின்றுவிட்டது.

விபத்துகளை விசாரிக்கும் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், பாலம் விழுந்த பிறகு, கீ பாலத்துக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தது. அனுமதிக்கப்பட்ட அளவைப்போல ஏறத்தாழ 30 மடங்கு ஆபத்து என்று வந்தது. 2025 மார்ச்சில் இதைச் சொன்ன கையோடு, 19 மாநிலங்களில் உள்ள 68 பாலங்களின் உரிமையாளர்களிடம் உடனே இதே கணக்கைப் போடச் சொன்னது. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கணக்குப் போட ஒரு பொறியாளர் குழுவுக்குச் சில மாதங்கள் போதும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அது போடப்படாமலே கிடந்தது.

சரி, பாலம் விழுந்த மறுநாள் காலை என்ன ஆனது?

துறைமுகம் மூடிக்கொண்டது. நொறுங்கிய எஃகுச் சட்டங்கள் கப்பல் வாய்க்காலின் குறுக்கே கிடந்தன. உள்ளே இருந்த கப்பல்கள் வெளியே வர முடியவில்லை. அவற்றில் அமெரிக்க அரசின் அவசரகால இருப்புக் கப்பல்களும் அடக்கம். பால்டிமோரை நோக்கி வந்துகொண்டிருந்தவை வேறு துறைமுகங்களுக்குத் திரும்பின. பாலத்துக்கு வெளிப்புறம், கடலை நோக்கிய பக்கம் இருந்த ஸ்பாரோஸ் பாயின்ட் தளம் மட்டும் வேலை செய்தது. ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய இரும்பாலைகளில் ஒன்று இருந்த இடம் அது.

‘சரக்கைத் திருப்பி விடுவது’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எந்தச் சரக்கு என்பதைப் பொறுத்து அதன் சிரமம் முற்றிலும் வேறு. கண்டெய்னரைத் திருப்புவது ஒப்பீட்டளவில் சுலபம். நார்ஃபோக்கில் இறக்கினாலும் நியூயார்க்கில் இறக்கினாலும் பெட்டி ஒன்றுதான், கிரேனும் ஒன்றுதான். சில நாட்களிலேயே நியூயார்க்கில் இருந்து பால்டிமோருக்குக் கண்டெய்னர் ரயில் ஓட ஆரம்பித்தது. கார்கள் அப்படி இல்லை. கப்பலின் வயிற்றில் இருந்து ஓட்டியே இறக்க வேண்டும், நிறுத்த ஏக்கர் கணக்கில் இடம் வேண்டும், விற்பனைக்கு அனுப்பும் முன் சரிபார்க்கும் பட்டறைகள் வேண்டும். கார் இறக்குமதி, ஏற்றுமதியில் 2023 வரை அமெரிக்காவிலேயே முதலிடம் பால்டிமோருக்கு இருந்தது. 2023இல் மட்டும் 8.47 லட்சம் கார்களும் சிறு டிரக்குகளும் அதன் வழியாகப் போய் வந்தன. டிராக்டர், எக்ஸ்கவேட்டர், புல்டோசர் மாதிரியான விவசாய, கட்டுமான இயந்திரங்களிலும் அப்போது அந்தத் துறைமுகத்துக்குத்தான் முதலிடம். ஒரு பாலம் விழுந்ததில், வேறெங்கோ சாலை போடக் காத்திருந்தவர்களின் இயந்திரமும் தாமதப்பட்டது.

எல்லாவற்றையும்விடத் திருப்பக் கடினமானது நிலக்கரி. அது ரயில் வேகனில் வந்து, கவிழ்ப்பானில் கொட்டி, குவியலாகி, கன்வேயரில் ஏறிக் கப்பலுக்குள் விழ வேண்டும். சுரங்கத்தில் இருந்து வரும் ரயில் ஓட்டமும் அந்தத் துறையைக் கணக்கில் வைத்தே அமைந்திருக்கிறது. 2023இல் அமெரிக்கா ஏற்றுமதி செய்த நிலக்கரியில் கால் பங்குக்கு மேல் பால்டிமோர் வழியாகத்தான் போனது. அதில் அனல் நிலக்கரியைப் பெருமளவு வாங்கியது இந்தியா. மின் நிலையங்களுக்குத்தானே என்று நினைப்போம். அப்பலாச்சியன் மலைப்பகுதியின் அந்த அதிக வெப்பத் திறன் கொண்ட நிலக்கரியை இங்கே விரும்பி வாங்குபவர்கள் செங்கல் சூளைக்காரர்களும் சிமென்ட் ஆலைகளும். கீ பாலம் நின்ற பட்டாப்ஸ்கோ நதியில் ஒரு தூண் சரிந்தால், இந்தியாவில் ஒரு சூளைக்காரர் எரிபொருளுக்கு வேறு ஆளைத் தேட வேண்டியிருக்கிறது. விநியோகச் சங்கிலி என்று சொல்லுக்குச் சொல் எழுதுகிறோம். அந்தச் சங்கிலியின் கண்ணிகள் எதில் எதில் கோத்திருக்கின்றன என்பது அறுந்த பிறகுதான் தெரிகிறது.

சாலையில் போகும் சரக்குக்கும் அடி விழுந்தது. கீ பாலம் நகரைச் சுற்றும் 695ஆம் எண் நெடுஞ்சாலையின் ஒரு துண்டு. 2023இல் 1.24 கோடி வண்டிகள் அதைக் கடந்தன. நதிக்கு அடியில் இரண்டு சுரங்கச் சாலைகள் உண்டு, ஆனால் எரிபொருள், ரசாயனம் போன்ற ஆபத்தான சரக்கு ஏற்றிய வண்டிகளுக்கு அங்கே அனுமதி இல்லை. சுரங்கத்துக்குள் ஒரு பெட்ரோல் டேங்கர் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதால் அந்தத் தடை. சரியான தடைதான். அதனால் அந்த வண்டிகளுக்குப் பாலம் ஒன்றே வழியாக இருந்தது. இப்போது நகரின் மறுபக்கம் முழுவதையும் சுற்ற வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு நடை அடித்த டிரைவர் மூன்று அடிப்பார். வண்டிக்கு மாதத் தவணை குறையாது, டீசல் கூடும். இப்படிப்பட்ட செலவு எந்தத் தலைப்புச் செய்தியிலும் வராது, ஊரில் எல்லாப் பொருளின் விலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொள்ளும்.

இடிபாட்டை அகற்றிய வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அது பொறியியலில் ஓர் அரிய முயற்சி. சுமார் 50,000 டன் எஃகும் கான்கிரீட்டும் சேற்றில் புதைந்து கிடந்தன. நதியின் அடியில் முக்குளிப்பவர்களுக்கு ஓரிரு அடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. ஒலி அலைகளால் எடுத்த படங்களை வைத்து, மேலே இருந்தவர்கள் சொல்லச் சொல்ல வேலை செய்தார்கள். முறுக்கிக் கிடக்கும் எஃகுச் சட்டத்துக்குள் ஏராளமான விசை அடைபட்டு இருக்கும். தப்பான இடத்தில் வெட்டினால் வில் அறுந்ததுபோல் தெறிக்கும். அதனால் கப்பலின் மூக்கில் கிடந்த பெரிய துண்டை மே 13 அன்று சிறு வெடிகள் வைத்து வெட்டினார்கள். மே 20இல் டாலியை இழுத்துப் போனார்கள். முதலில் 11 அடி ஆழ வழி, ஏப்ரல் கடைசியில் 35 அடி வழி என்று படிப்படியாகத் திறந்து, ஜூன் 10இல் 700 அடி அகலமும் 50 அடி ஆழமும் கொண்ட முழு வாய்க்காலும் திரும்பக் கிடைத்தது. பதினோரு வாரம். பொறியாளர்களும் முக்குளிப்பவர்களும் கிரேன் ஓட்டுநர்களும் இரவு பகலாக உழைத்ததன் பலன். அந்த வாரங்களில் மாலுமிகள் பெரும்பாலும் கப்பலிலேயே கிடந்தார்கள். விசாரணைக்காக அவர்களின் போன்களையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

மின்சாரம் முதலில் ஏன் போனது என்பதற்கான விடை 2025 நவம்பரில் வந்தது. ஒரு கம்பியின் முனையில் மாட்டியிருந்த லேபிள் பட்டை சரியான இடத்தில் இல்லாததால், அந்தக் கம்பி இணைப்புக்குள் முழுதாக உட்காரவில்லை. நாளடைவில் அது தளர்ந்துவிட்டது. ஆயிரக்கணக்கான கம்பிகளில் ஒன்று. அதை வைத்துக் கப்பல்காரர்களைக் கேள்வி கேட்பது நியாயமே. ஆனால் ஆயிரக்கணக்கான கப்பல்கள் போகும் வாசலில் ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு கம்பி தளரத்தான் செய்யும். அந்த நாளை எதிர்பார்த்துத் தூணைக் காப்பது கட்டுமானத் துறையின் வேலை.

வாய்க்கால் பதினோரு வாரத்தில் திறந்தது. பாலம்? அங்கேதான் இந்த விஷயத்தின் மறுபக்கம் வருகிறது. பாலம் விழுந்ததால் சரக்கு தடைப்பட்டது என்பதை எல்லாரும் பார்த்தார்கள். சரக்கு உலகின் குழப்பங்கள் திரும்பி வந்து அந்தப் பாலத்தின் விலையையே ஏற்றிவிட்டன என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

விழுந்த சில வாரங்களில் மேரிலாந்து மாநிலம் சொன்ன மதிப்பீடு 170 முதல் 190 கோடி டாலர், 2028இல் திறப்பு. 2025 நவம்பரில் அது 430 முதல் 520 கோடி டாலராகவும், திறப்பு 2030 கடைசியாகவும் மாறியது. இரண்டு காரணங்களைச் சொன்னார்கள். ஒன்று, புதிய பாதுகாப்பு விதிகளின்படி தூண்களைச் சுற்றிக் கட்ட வேண்டிய பெரும் தடுப்பு அமைப்பு. இன்னொன்று, பொருட்களின் விலை.

இவ்வளவு பெரிய உயர்வைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும். முதல் மதிப்பீடு வடிவமைப்பே இல்லாமல் அவசரத்தில் சொன்னது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் பொருள் விலை என்ற காரணத்தை வெறும் சாக்கு என்று தள்ள முடியாது. 2020 நடுவில் அமெரிக்காவில் ஒரு டன் எஃகுச் சுருளின் விலை 500 டாலருக்கும் கீழே இருந்தது. 2021 செப்டம்பரில் 1,900 டாலரைத் தொட்டது. கொரோனா காலத்தில் உலைகளை அணைத்தார்கள், தேவை எதிர்பார்த்ததைவிட வேகமாகத் திரும்பியது, உலைகள் அதே வேகத்தில் திரும்பவில்லை. அப்புறம் விலை இறங்கியது. 2025இல் இறக்குமதி எஃகுக்கு முதலில் 25, பிறகு 50 சதவீதம் தீர்வை வந்தது. மத்திய அரசின் பணத்தில் கட்டும் பாலத்துக்கு உள்நாட்டு எஃகைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற விதி அங்கே உண்டு. வெளிநாட்டு எஃகு விலை ஏறினால் உள்நாட்டு ஆலையும் விலையை ஏற்றும் என்பது சந்தை அறிந்த எவருக்கும் தெரியும்.

விலை ஏறுவதைவிட, எவ்வளவு ஏறும் என்று தெரியாமல் இருப்பதுதான் ஒப்பந்தக்காரருக்குப் பெரிய தொல்லை. ஐந்தாண்டு வேலைக்கு இன்று விலை சொல்ல வேண்டும், எஃகு விற்பவரோ அவ்வளவு காலம் விலையை நிலையாக வைக்க மாட்டார். ஒப்பந்தக்காரர் என்ன செய்வார்? வரப்போகும் எல்லா ஏற்றத்தையும் முன்கூட்டியே கணக்கில் ஏற்றிச் சொல்வார், இல்லாவிட்டால் டெண்டரே போட மாட்டார். இரண்டிலும் நஷ்டம் மக்களுக்குத்தான். நம் ஊர் அரசு ஒப்பந்தங்களில் விலை மாறுதல் பிரிவு என்று ஒன்று இருப்பது இதற்காகவே. பால்டிமோரில் வேறு வழி எடுத்தார்கள். ஒரே நிறுவனத்தை முதலில் தேர்ந்தெடுத்து, வடிவமைப்பு முன்னேற முன்னேறக் கட்டம் கட்டமாக விலை பேசுவது. வேலை சீக்கிரம் தொடங்கும், முழு விலை தெரிய நாளாகும். மதிப்பீடு நடுவில் இவ்வளவு மாறியது வெளியே தெரிந்ததற்கும் இந்த முறை ஒரு காரணம்.

கட்டுமானத்தில் தாமதம் ஒரு சரக்குக் கிடங்கில் நடப்பதுபோல் நடப்பதில்லை. கடையில் ஒரு பொருள் வராவிட்டால் மற்றதை விற்கலாம். பாலத்தில் பொருத்தப்படும் வரிசை மாறாது. தூணுக்கு மேல் உட்காரும் பேரிங் ஆறு வாரம் தாமதமானால் அதற்கு மேல் வர வேண்டிய உத்தரம் நிற்கும், அதற்கு மேல் தளம் நிற்கும். மிதவைக் கிரேனின் நாள் வாடகை மட்டும் நிற்காது. கான்கிரீட்டையோ சேமித்தே வைக்க முடியாது, கலந்த சிறிது நேரத்துக்குள் கொட்டியாக வேண்டும். தொலைவில் நடக்கும் ஒரு சிறு தடங்கல் களத்தில் பல மடங்காகி நிற்பது இப்படித்தான்.

பால்டிமோரிலேயே இன்னொரு பழைய கட்டுமானம் இருக்கிறது, இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. நகரத்துக்கு அடியில் போகும் ஹோவர்ட் தெரு ரயில் சுரங்கம் 1895இல் திறந்தது. அமெரிக்காவில் கண்டெய்னர்களை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டடுக்கு வைத்து ரயில் ஓட்டுகிறார்கள். இந்தச் சுரங்கத்தின் உயரம் அதற்குப் போதவில்லை. துறைமுகம் எவ்வளவு பெரிய கப்பலை வாங்கினாலும், இறக்கிய பெட்டிகள் ஒற்றை அடுக்கில்தான் உள்நாட்டுக்குப் போக முடிந்தது. 2025இல் பல மாதங்கள் சுரங்கத்தை மூடி, தரையைத் தாழ்த்தி உயரத்தைக் கூட்டினார்கள். நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து, முன்கூட்டியே திட்டமிட்டு, பேரழிவு வரும்வரை காத்திருக்காமல் நடந்த மாற்றம். தூண்களுக்கும் இதையே செய்திருக்கலாம் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

புதுப் பாலம் கேபிள்கள் தாங்கும் வகை. தண்ணீருக்கும் தளத்துக்கும் இடையே 230 அடி உயரம் இருக்கும், பழையதில் 185. நடுக் கண் இன்னும் அகலமாக இருப்பதால் கோபுரங்கள் கப்பல் வழியில் இருந்து விலகி நிற்கும். அவற்றைச் சுற்றி வரப்போகும் தடுப்பு அமைப்பு, டாலியைவிடப் பெரிய கப்பல்களையும் மனத்தில் வைத்துத் திட்டமிடப்படுகிறது. பழைய பாலத்தில் மிஞ்சி நின்ற பகுதிகளை 2025 ஜூலையில் இருந்து இடிக்கத் தொடங்கினார்கள். கொழும்புக்கும் மற்ற ஊர்களுக்கும் போகும் கப்பல்கள் அந்த வேலையைக் கடந்து போய்க்கொண்டிருக்கின்றன. பெட்ரோல் டேங்கர்கள் 2030 வரை ஊரைச் சுற்றித்தான் போக வேண்டும்.